நெருப்பை மட்டும்தான் பார்க்கிறீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையிலிருந்து 2025 மே 27 அன்று கிளம்பிய, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ராக்கெட்டின் 9-ஆவது சோதனை பற்றித் தங்கள் இதழில் வந்த செய்தி, "மீண்டும் ஒரு வாணவேடிக்கை" என்று முடிந்திருந்தது. அந்த வரி இன்னும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அன்றைய முக்கியமான சேதியே தங்கள் செய்தியில் இல்லை. அன்று பறந்த பூஸ்டர், அதாவது ராக்கெட்டைக் கீழிருந்து உந்தித் தள்ளும் அடிப்பகுதி, அதே ஆண்டு ஜனவரியில் ஒருமுறை பறந்து, ஏவுகோபுரத்தின் இரும்புக் கைகளில் பிடிபட்டுத் திரும்பிய அதே பூஸ்டர். அதன் 33 என்ஜின்களில் 29 ஏற்கெனவே பறந்தவை. ஸ்டார்ஷிப் பூஸ்டர் ஒன்று இரண்டாம் முறை பறந்தது அதுதான் முதல் தடவை. அதை அன்று பிடிக்கும் திட்டமே கிடையாது. இறங்கும்போது வேண்டுமென்றே வழக்கத்தைவிட அதிகமாகச் சாய்த்துப் பார்த்தார்கள். காற்றே வேகத்தைக் குறைத்துக் கொடுத்தால் எரிபொருள் மிச்சமாகும் அல்லவா? கடைசியில் என்ஜின்களைப் பற்றவைத்தபோது கடலுக்கு மேலே சிதறியது. எதுவரை தாங்கும் என்று பார்க்கத்தானே அப்படிச் சாய்த்தார்கள்!

மேல்பகுதி விஷயம் வேறு. கசிவு ஏற்பட்டு, கட்டுப்பாடு இழந்து, சுழன்றபடியே வளிமண்டலத்துக்குள் விழுந்தது. மாதிரிச் செயற்கைக்கோள்களை வெளியே விடவேண்டிய கதவும் சரியாகத் திறக்கவில்லை. அது தோல்விதான். 7, 8, 9-ஆவது சோதனைகள் என்று தொடர்ந்து மூன்று முறை மேல்பகுதியே ஏன் அழிந்துபோகிறது என்று தாங்கள் கேட்டிருந்தால் நன்றி சொல்லி எழுதியிருப்பேன்.

நான் கொதிகலன் தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன். கலனில் தண்ணீரை நிரப்பி, அது வேலை செய்யவேண்டிய அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றிப் பார்ப்போம். நீராவி மாதிரி தண்ணீர் விரிந்து வெடிக்காது, அதனால்தான் தண்ணீர். ஒருமுறை வெல்டிங் பிளந்து தரையெல்லாம் தண்ணீர் ஓடியது. ஒருவருக்கும் காயமில்லை. மறுநாள் ஒரு நாளிதழில் "கொதிகலன் வெடித்தது" என்று வந்துவிட்டது. தொழிலாளர்களின் வீட்டார் அழுதபடி வாசலில் வந்து நின்றார்கள். மறுப்பு வெளியிடச் சொல்லி எழுதினோம், பதிலே வரவில்லை. சோதனையில் பிளந்ததால்தான் அந்தக் கலன் எங்கும் போய் யாரையும் கொல்லவில்லை என்பதை யாரும் எழுதவில்லை.

தங்கள் இதழிலும் இது இன்று தொடங்கியதல்ல. 2023 ஏப்ரலில் முதல் பறப்பின்போது ஏவுமேடையின் கான்கிரீட் பெயர்ந்து பறந்ததைப் பெரிதாகப் போட்டீர்கள். அப்புறம் அங்கே தண்ணீர் பீய்ச்சும் எஃகுத் தகடு பதித்ததைப் பற்றி ஒரு வரி கிடையாது. 2024 அக்டோபர் 13 அன்று பூஸ்டரைக் கோபுரம் முதன்முதலில் பிடித்தபோது, படத்தின் கீழே "தரையிறங்கியது" என்று அச்சிட்டீர்கள். அதற்குத் தரையிறங்கக் கால்களே இல்லை என்பது தாங்கள் அறியாததா?

எல்லாவற்றையும்விட வருத்தம் தந்தது 2025 ஜனவரியில்தான். டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளின் மேலே மேல்பகுதி உடைந்து எரிந்து விழுந்தது, பயணிகள் விமானங்களைத் திருப்பிவிட வேண்டியிருந்தது. அந்தப் படத்துக்குத் தாங்கள் வைத்த தலைப்பு "கண்கவர் காட்சி". கீழே மனிதர்கள் வாழ்கிறார்கள், ஐயா. கோபப்படவேண்டிய இடத்தில் ரசித்தீர்கள், கற்றுக்கொள்ளும் இடத்தில் கேலி செய்தீர்கள். இரண்டு இடத்திலும் நெருப்பை மட்டுமே பார்த்திருக்கிறீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த பறப்புச் செய்தியோடு ஒரு சிறிய பெட்டி போடுங்கள்: எதைச் சோதித்தார்கள், எது நடந்தது, எது நடக்கவில்லை, சிதைவுகள் எங்கே விழுந்தன. அந்த "தரையிறங்கியது" என்பதற்கும் ஒரு திருத்தம் வெளியிட்டால் போதும்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர் ஒருவர்