ஆகஸ்ட் மாதத்து விலையை அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் கோடைச் சுற்றுலாச் சிறப்புப் பகுதியில், ஐரோப்பாவின் கேம்பிங் முகாம்களைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். “பிள்ளைகளோடு வெளிநாடு செல்பவர்கள் நட்சத்திரம் கூடுதலாக உள்ள முகாமாகப் பார்த்து ஒரு மொபைல் ஹோமைப் பதிவு செய்துவிட்டால் போதும், ஓட்டல் செலவில் பாதிகூட ஆகாது” என்று அதில் ஒரு வரி வருகிறது (மொபைல் ஹோம் என்பது முகாமிலேயே நிறுத்திவைத்து வாடகைக்கு விடும் சிறு தயார் வீடு). இதை எழுதியவர் எந்த மாதத்தில், எத்தனை பிள்ளைகளோடு போய்வந்தார் என்று அறிய ஆவலாக இருக்கிறேன். கட்டுரையோடு வந்த படங்களில் கடற்கரை அத்தனை காலியாக இருப்பதைப் பார்த்தால், அவர் மே மாதத்தில் தனியாகப் போயிருப்பார் என்றே தோன்றுகிறது.

ஐரோப்பாவில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு மே மாதம் வாய்ப்பதில்லை என்பது தாங்கள் அறியாததன்று. பிரான்சில் ஜூலையும் ஆகஸ்டும் முழு விடுமுறை. நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் பகுதிவாரியாக விடுமுறையைப் பிரித்துவிட்டாலும், ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை அத்தனை நாட்டுக் குடும்பங்களும் அதே கடற்கரைகளில்தான் வந்து சேர்கின்றன. ஜூன் தொடக்கத்தில் ஒரு விலைக்குக் கிடைக்கும் அதே மொபைல் ஹோம், ஆகஸ்ட் முதல் வாரத்தில் இரண்டு மடங்கு, சில இடங்களில் மூன்று மடங்கு வாடகைக்குப் போகிறது; அதையும் பல முகாம்களில் சனிக்கிழமை முதல் அடுத்த சனிக்கிழமை வரை முழு வாரமாகத்தான் எடுத்தாக வேண்டும். கட்டுரையாளர் பெருந்தன்மையோடு பரிந்துரைத்திருக்கும் ஏசிஎஸ்ஐ கேம்பிங் கார்டு என்ற முகாம் தள்ளுபடி அட்டையின் சலுகை உச்சப் பருவத்துக்கு வெளியேதான் செல்லும். அந்த ஒரு தகவலை மட்டும் விட்டுவிட்டு மற்ற அனைத்தையும் எழுதியிருக்கிறார்.

நட்சத்திரங்களுக்கு வருகிறேன். பிரான்சில் அத்தூ பிரான்ஸ் என்ற அரசு சார்ந்த சுற்றுலா அமைப்பின் கீழ், முகாம்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தரப்படுகிறது. ஒருமுறை தந்தால் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். வசதிகளையும் சேவைகளையும் பட்டியல் வைத்துச் சரிபார்த்துத் தரும் தரம் அது. நீச்சல்குளச் சறுக்கும் மாலைக் கேளிக்கையும் உணவகமும் எங்கே நிறைந்திருக்கின்றனவோ அங்கே நட்சத்திரமும் வாடகையும் சேர்ந்தே ஏறுகின்றன. அத்துடன், ஐரோப்பிய நாடுகள் அனைத்துக்கும் பொதுவான அளவுகோலும் கிடையாது. சிக்கனமாகப் போக வேண்டிய குடும்பத்திடம் “நட்சத்திரம் பார்த்து எடு” என்று சொல்வது, சந்தைக்குக் குறைந்த பணத்தோடு போகிறவனை நகைக்கடைக்கு வழி காட்டி அனுப்புவதற்குச் சமம்.

உள்ளாட்சி மன்றங்கள் நடத்தும் முனிசிபல் முகாம்கள் என ஒரு வகை பிரான்ஸ் முழுவதும் இருக்கிறது. தங்கள் கட்டுரையில் அவற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாங்கள் தங்கியதில் மனநிறைவோடு திரும்பியது அப்படிப்பட்ட இரண்டு நட்சத்திர முகாம் ஒன்றிலிருந்துதான். குளமும் இல்லை, மேடையில் பாட்டும் இல்லை. நிழல் மரங்களும், சுத்தமான குளியலறையும், கால் நனைக்க ஒரு ஆறும், நடக்கும் தூரத்தில் ரொட்டிக் கடையும் இருந்தன. பிள்ளைகள் ஒரு நாள்கூடச் சறுக்கு எங்கே என்று கேட்கவில்லை. கடலோரத்தை விட்டு உள்நாட்டுப் பக்கம், ஓவேர்ன் போலவோ ஜுரா போலவோ, நகர்ந்தாலே வாடகை இறங்கும் என்பதைச் சுற்றுலாப் பக்கம் நடத்துபவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஐந்து நட்சத்திரமும் பார்த்துவிட்டோம். “ஆறு பேர் தங்கலாம்” என்று விளம்பரத்தில் இருந்தது. பிரான்சில் ஒரு மொபைல் ஹோம் 40 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது. நாங்கள் எடுத்தது அதைவிடச் சிறியது. அதில் இரண்டு படுக்கையறை. ஐந்தாவது, ஆறாவது ஆட்கள் என்பது கூடத்தில் இழுத்துப் போடும் சோபா. அதை விரித்தால் குளிர்பதனப் பெட்டியின் கதவு திறக்காது. என் மாமியார் அந்தச் சோபாவில் ஒரு வாரம் உறங்கினார், அல்லது உறங்குவதுபோல் கண்களை மூடிக்கொண்டிருந்தார். படுக்கை விரிப்புக்குத் தனிக் கட்டணம், கிளம்பும்போது துப்புரவுக்குத் தனிக் கட்டணம், முன்பணமாகக் காப்புத்தொகை, பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் இரவு வீதம் உள்ளூர்ச் சுற்றுலா வரி. நீச்சல்குள வாசலில், தளர்வான அரைக்கால்சட்டை அணிந்து இறங்கக்கூடாது என்று தடுத்து, உடலோடு ஒட்டிய நீச்சலுடைகளை முகாமின் கடையிலேயே வாங்க வைத்தார்கள். “பாதிகூட ஆகாது” என்ற கணக்கில் இவற்றில் எது சேர்ந்திருந்தது?

சொந்தக் கூடாரம் கொண்டுபோனால் இந்தத் தொல்லை இல்லை என்பீர்கள். உண்மைதான், பாதி உண்மை. முகாமின் மின்இணைப்பு பல இடங்களில் 6 ஆம்பியர்தான். 230 வோல்ட்டில் அது சுமார் 1,380 வாட். அதைவிடக் கூடுதலாக இழுக்கும் வீட்டு மின்கெட்டிலை மாட்டினால் மின்சாரம் துண்டித்துக்கொள்ளக்கூடும். விமானத்தில் போகிறவர் எரிவாயுக் குப்பியை எடுத்துப் போகவும் முடியாது. இரண்டு முழுப் பக்கக் கட்டுரையில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

இது முதல் தடவை என்றால் எழுதியிருக்கமாட்டேன். சென்ற ஆண்டு கேள்வி-பதில் பகுதியில், இணையத்தில் பதிவு செய்த முகாம் வாடகையைப் பதினான்கு நாட்களுக்குள் ரத்து செய்து முழுத்தொகையைத் திரும்பப் பெறலாம் என்று தங்கள் இதழ் பதிலளித்தது. 2011ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நுகர்வோர் உரிமை விதிமுறை அந்தப் பதினான்கு நாள் உரிமையைத் தருகிறது. ஆனால், குறிப்பிட்ட தேதிகளுக்குப் பதிவு செய்யும் விடுமுறைத் தங்குமிடங்களுக்கு அது பொருந்தாது என்று அதே விதிமுறை விலக்கும் அளிக்கிறது. தங்கள் பதிலை நம்பிய நண்பர் குடும்பம் ஒன்று, பிள்ளைக்கு அம்மை போட்டதால் பயணத்தைக் கைவிட்டு, கட்டிய பணத்தையும் கைவிட்டது. அப்போதே திருத்தம் கோரிக் கடிதம் எழுதினேன். இடப் பற்றாக்குறையால் அது வெளிவரவில்லை என்று கருதுகிறேன். அட்டைப் படத்தைப் பாராட்டிய கடிதங்களுக்கு மட்டும் அந்த இதழில் தாராளமாக இடம் கிடைத்திருந்தது. இம்முறை கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் ஐந்து நட்சத்திர முகாமின் முழுப்பக்க விளம்பரம் வந்ததும் தற்செயலே என நம்புகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனி முகாம்களைப் பற்றி எழுதும்போது கட்டுரையின் ஓரத்தில் சிறு கட்டம் ஒன்றைப் போடுங்கள். பெரியவர் இருவரும் பிள்ளைகள் இருவரும் ஆகஸ்ட் முதல் வாரத்தில் தங்கினால், விரிப்பு, துப்புரவு, வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, கதவுள்ள அறையில் படுக்கை எத்தனை, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்ற மூன்று விவரங்கள் அதில் இருந்தால் போதும். அதற்கும் இடமில்லை என்றால் கடற்கரைப் படங்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
இன்னமும் சந்தா கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாசகர்