பெட்ராவில் அம்மாவுக்குத் துணை நின்றவர்களுக்கு

ஜோர்டான் பயணத்தில் எங்களோடு வந்த அனைவருக்கும், அங்கே எங்களைக் கவனித்துக்கொண்டவர்களுக்கும் வணக்கம்.

ஊர் திரும்பிய அன்று விமான நிலையத்தில் பெட்டி தேடுகிற அவசரம். யாருக்கும் முறையாக நன்றி சொல்ல முடியவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

மூட்டுவலி உள்ள அம்மாவைக் குழுவோடு அழைத்துப் போகலாமா என்று கிளம்பும்வரை எனக்குத் தயக்கம் இருந்தது. ஒருங்கிணைப்பாளர் தம்பிதான் தைரியம் சொன்னார். பாறையைக் குடைந்து உருவாக்கிய பழங்கால நகரமான பெட்ரா காலை 6 மணிக்கே திறந்துவிடும். வெயில் ஏறும்முன் அம்மா நடந்துவிடட்டும் என்று எல்லோரிடமும் பேசிச் சம்மதிக்க வைத்து, காலை உணவையும் பொட்டலமாகக் கட்டி வாங்கி வந்தார். அவ்வளவு சீக்கிரம் எழுந்ததற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

பெட்ராவுக்குள் போகிற மலைப்பிளவை சீக் என்கிறார்கள். நீளம் 1.2 கிலோமீட்டர். சில இடங்களில் இரண்டு பக்கப் பாறையும் நெருங்கி வந்து, வானம் கீற்றாகத்தான் தெரியும். பேட்டரி வண்டி இருந்தும் அம்மா நடந்தே வருவேன் என்று சொல்லிவிட்டார். அவருடைய நடைக்கு ஏற்றபடி நீங்கள் எல்லோரும் மெதுவாக வந்தீர்கள். அப்படி வந்ததால்தான் பாறையில் வெட்டிய வாய்க்கால் எங்கள் கண்ணில் பட்டது.

பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். மழை மிகக் குறைந்த அந்த மண்ணில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த நகரை உருவாக்கிய நபாத்தியர்கள் ஊற்றுநீரை எப்படி நகருக்குள் கொண்டு வந்தார்கள் என்று, வாய்க்கால் ஓரத்தில் குனிந்து கையால் சரிவைக் காட்டி விளக்கினார். சுட்ட மண் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பூசியிருக்கிறார்கள். சரிவு கூடினால் குழாய் இணைப்பு தாங்காது, குறைந்தால் வண்டல் அடைத்துக்கொள்ளும் என்றார். உடனே அம்மா, "அப்போ வண்டலை எங்கே தங்க வைச்சாங்க?" என்று கேட்டார். ராமநாதபுரத்துப் பக்கம் ஊருணியைப் பார்த்து வளர்ந்தவர், வேறென்ன கேட்பார்! வழிகாட்டி அம்மாவின் கையைப் பிடித்துக் கொஞ்ச தூரம் திரும்ப நடத்திப் போய், வாய்க்காலின் நடுவே தோண்டியிருந்த சிறு தொட்டியைக் காட்டினார். மண் அதில் படிந்துவிடும், தெளிந்த நீர் மேற்கொண்டு ஓடும். மொத்தப் பயணத்திலும் அம்மா அதிக நேரம் நின்று பார்த்தது அந்தத் தொட்டியைத்தான்.

அந்த வழிகாட்டி பிதூல் இனத்தவர். 1980களில் உம் ஸைஹூன் கிராமத்துக்குக் குடிமாற்றப்படும்வரை அவர்களுடைய குடும்பங்கள் பெட்ராவின் குகைகளில்தான் வாழ்ந்தன. சீக் வாசலில் இருக்கும் அணையைக் காட்டி, 1963இல் திடீர் வெள்ளம் வந்து இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்ததைச் சொன்னார். நபாத்தியர்கள் அதே இடத்தில் அணை கட்டி, பாறையைக் குடைந்து வெள்ளத்தைத் திருப்பி விட்டிருந்தார்களாம். அந்த விபத்துக்குப் பிறகுதான் அணையை மறுபடி கட்டியிருக்கிறார்கள். வெறும் தூண்களையும் முகப்புகளையும் காட்டி அனுப்பாமல், தன் ஊரின் கதையாக எல்லாவற்றையும் சொன்ன அவருக்கு எங்கள் வணக்கம்.

சீக் முடிகிற இடத்தில் பாறையில் செதுக்கிய அல் கஸ்னே முகப்பைப் பார்த்து எல்லோரும் வாயடைத்து நின்றதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. படங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன.

அப்புறம், திருநெல்வேலி அக்கா. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. அத் தெய்ர் மடாலயத்துக்கு எண்ணூறுக்கும் மேல் படிகள். அம்மாவால் முடியாது, நானும் கீழேயே இருந்துவிடுகிறேன் என்றேன். நீங்கள் தோள்பையை இறக்கி வைத்துவிட்டு, "நீ போய்ட்டு வா, அம்மாகூட நான் இருக்கேன்" என்றீர்கள். அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அம்மான் நகரில் இருந்தே நீங்கள் சொல்லிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியும். நான் வேண்டாம் என்றும் நீங்கள் கேட்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால், தேநீர்க் கடைக்காரப் பெண்மணி அம்மாவின் காலுக்கடியில் கம்பளத்தை மடித்து வைத்திருந்தார். மூவரும் மரமியா என்கிற மூலிகை இலை போட்ட தேநீர் குடித்தபடி, பொதுவான மொழி ஒன்றும் இல்லாமலே பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பெண்மணி தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அவருக்கும் நன்றி.

வாதி ரம் பாலைவனத்தில் ஜீப் ஓட்டிய தம்பிக்கும் நன்றி. கஸாலி பிளவில் பாறை ஓரம் வழுக்கும் என்று அம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போய், பாறையில் கீறியிருந்த பாதச் சுவடுகளையும் தமூதிய எழுத்துகள் என்கிற பழங்கால அரேபிய எழுத்துகளையும் காட்டியது அவர்தான்.

அக்கா, அத் தெய்ரில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் பெரிய அளவில் அச்செடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவோடு திருநெல்வேலிக்கு நேரில் கொண்டு வருகிறோம். பொங்கலுக்கு முன்பா பின்பா, எப்போது வீட்டில் இருப்பீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.