தலைக்காயத்தை மதிப்பிடும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். தலையில் அடிபட்டவர்களை எதிரில் உட்காரவைத்து, இவரால் வேலைக்குப் போக முடியுமா, தனியாக இருக்க முடியுமா, உதவித்தொகை தர வேண்டுமா என்று முடிவு செய்பவர்கள் நீங்கள். மூளையின் முன்பகுதியில் அடிபட்ட ஒருவரின் தங்கை நான். உங்கள் அறையில் அண்ணன் இருந்த விதத்துக்கும் வீட்டில் இருக்கும் விதத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அண்ணனை மதிப்பிட்ட மருத்துவர் அன்பாகத்தான் பேசினார். தேதி, கிழமை கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். மூன்று சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்றார். எல்லாவற்றுக்கும் அண்ணன் சரியாகப் பதில் சொன்னார். அறிவுத்திறன் இயல்பாக இருக்கிறது, அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்வார் என்று அறிக்கை வந்தது. அதன்பின் ஒருநாள் அடுப்பில் பாத்திரம் தீய்ந்து புகை கிளம்பியது. அண்ணன் அதற்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கருகுவது அவருக்குத் தெரிந்திருந்தது. என்ன செய்யணும் என்று கேட்டேன், “அணைக்கணும்” என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

இது சோம்பேறித்தனமும் இல்லை, நடிப்பும் இல்லை. ஃப்ரான்டல் லோப் என்று நீங்கள் சொல்லும் முன்மடல், பெருமூளைப் புறணியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஒரு வேலையைத் தொடங்குவது, எது முதலில் எது பிறகு என்று வரிசைப்படுத்துவது, நடுவில் ஏதாவது குறுக்கிட்டாலும் எடுத்ததை விடாமல் இருப்பது, தப்பு என்று தெரிந்ததும் மாற்றிக்கொள்வது, தோன்றியதையெல்லாம் சொல்லிவிடாமல் அடக்கிக்கொள்வது எல்லாம் பெரும்பாலும் அதன் பொறுப்பு. உள்பக்க நடுப்பகுதியில் சேதம் என்றால் ஆள் எதையும் தானாகத் தொடங்காமல் போகலாம். கண்குழிக்கு மேலே உள்ள பகுதி என்றால் நேர்மாறு: முன்பின் யோசிக்காத பேச்சு, திடீர்க் கோபம், கையில் உள்ள பணத்தையெல்லாம் செலவழிப்பது. வெளிப்பக்கம் என்றால் திட்டமிடுவதில் தடுமாற்றம். பலருக்கு இவை கலந்தே வருகின்றன. அண்ணனுக்கும் அப்படித்தான். நாள் முழுக்கச் சும்மா இருப்பார், அப்புறம் ஒரு சின்னச் சத்தத்துக்கு வெடிப்பார்.

உங்கள் அறையில் இது ஏன் தெரிவதில்லை? அங்கே அமைதி இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே கேள்விதான் வருகிறது. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, அடுத்து என்ன என்பதையெல்லாம் நீங்களே சொல்கிறீர்கள். அந்த அரைமணி நேரமும் அண்ணனின் முன்மடல் செய்ய வேண்டிய வேலையை நீங்கள்தான் செய்கிறீர்கள். வெளியே வந்ததும் அந்தத் துணை போய்விடுகிறது.

உங்கள் துறைக்கு இது புதிதில்லை. 1848-இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஃபினியஸ் கேஜ் என்ற ரயில்பாதைத் தொழிலாளியின் தலையை, முன்மடல் வழியாக, ஒரு மீட்டருக்கும் நீளமான இரும்புக் கம்பி துளைத்துச் சென்றது. அவர் பிழைத்து, நடந்தார், பேசினார். ஆனாலும் இவர் பழைய கேஜ் இல்லை என்று நண்பர்கள் சொன்னதை மருத்துவர் ஹார்லோ 1868-இல் பதிவு செய்தார். அதே கேஜ் பிற்காலத்தில் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார் என்பதை நான் விடாமல் நினைத்துக்கொள்கிறேன். நாள்தோறும் ஒரே ஒழுங்கில் நடக்கும் வேலை அவருக்குக் கைகொடுத்திருக்கலாம்.

இன்னும் நேரடியான சான்றும் உண்டு. 1985-இல் எஸ்லிங்கர், டமாசியோ என்ற மூளை ஆய்வாளர்கள் விவரித்த நோயாளி, முன்மடல் பகுதியில் இருந்த கட்டி அகற்றப்பட்ட பிறகும் அறிவுத்திறன் சோதனைகளில் சராசரிக்கு மேலேயே இருந்தார். வாழ்க்கையிலோ வேலை போனது, சேமிப்பு கரைந்தது, திருமணமும் முறிந்தது. 1991-இல் ஷாலிஸ், பர்ஜெஸ் என்ற ஆய்வாளர்கள் முன்மடல் பாதித்த மூன்று பேரைக் கடைத்தெருவுக்கே அனுப்பி, சில எளிய காரியங்களை முடித்து வரச் சொன்னார்கள். வழக்கமான சோதனைகள் பலவற்றை நன்றாகச் செய்தவர்கள் அவர்கள். தெருவில் திணறினார்கள்.

இன்னொன்று, எங்களை அதிகம் வதைப்பது. தன்னிடம் குறை இருப்பதே அண்ணனுக்குத் தெரிவதில்லை. தன்னையே கவனித்துத் திருத்திக்கொள்ளும் திறனும் சேதமாகியிருக்கிறது. “எல்லாம் நானே பார்த்துக்குறேன்” என்று உங்களிடம் அவர் சொன்னது பொய் இல்லை, மனதார நம்பித்தான் சொன்னார். நான் மறுத்துப் பேசியபோது, குடும்பம் மிகைப்படுத்துகிறது என்ற எண்ணம் அறையில் பரவியதை உணர்ந்தேன். அவர் முன்னாலேயே அவருடைய குறைகளை அடுக்குவது எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது தெரியுமா? பாதியை விழுங்கிவிட்டேன்.

சிடி ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்பதும் போதாது. மூளை குலுங்கும்போது நரம்பிழைகளில் ஏற்படும் கிழிசல்கள் சாதாரண ஸ்கேனில் தெரியாமல் போகலாம் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் கேட்கிறேன். கூடவே வாழ்பவரைத் தனியே அழைத்துப் பேசுங்கள். என்ன செய்வீர்கள் என்று கேட்பதோடு நிற்காமல், சத்தமும் குறுக்கீடும் உள்ள இடத்தில் மூன்று நான்கு வேலைகளைச் சேர்த்துக் கொடுத்து, யாரும் நினைவூட்டாமல் செய்கிறாரா என்று பாருங்கள். யாராவது தூண்டினால்தான் ஒருவர் குளிக்கிறார், மாத்திரை எடுக்கிறார் என்றால் “சுயமாகச் செய்வார்” என்று எழுதாதீர்கள். தூண்டுதல் தேவை என்றே எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால் அண்ணனுக்கு உதவியாளர் கிடைக்கவில்லை.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். எங்களுக்கு மட்டுமல்ல, இனி உங்களிடம் வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாகப் பத்து நிமிடமும், படிவத்தில் அவர்கள் எழுத ஒரு பக்கமும் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
அண்ணனைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தங்கை