தட்டுப் போட முன்னம் ஒரு குழாய்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. வட்ஸ்அப் இருக்கிற காலத்தில் இந்த இரண்டு கிழவர்களுக்கும் முத்திரைச் செலவு எதற்கு என்று மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நீ நாலு பக்கத்தில் எழுதிய சங்கதியை அந்தச் சின்னக் கண்ணாடியில் விரலால் தள்ளித் தள்ளி வாசிக்க என்னால் ஏலாது.

இங்கே கச்சான் காற்று அடித்துக்கொண்டிருக்கிறது. மத்தியானத்தில் முற்றத்து மண் முழுக்க விறாந்தைக்கு வந்துவிடும். கோட்டைப் பக்கத்து மான்கள்கூட நிழல் கண்ட இடத்தில் படுத்துக்கிடக்கின்றன. எனக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றும்படி சுகம். உன் மனைவியின் முழங்கால் இப்போது எப்படி? அதைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை.

மேல்மாடி கட்டத் தொடங்கிவிட்டாய் என்பதில் சந்தோஷம். மருமகள் வீட்டிலிருந்து வேலை செய்யப்போகிறாள், வைபை ரவுட்டர் கீழே இருக்கிறது, கடைக்காரர் ஆறு கொம்பு (அன்ரெனா) வைத்த பெரிய பெட்டி ஒன்றைக் காட்டுகிறார், வாங்கவா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. கொங்கிறீட் தட்டுப் போட்டுவிட்டாயா இல்லையா என்பதை எனக்கு முதலில் சொல். இன்னும் போடவில்லை என்றால் உனக்கு அதிர்ஷ்டம். எனக்கு அது இருக்கவில்லை. அந்தக் கதையைச் சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

எங்கள் வீடு உனக்குத் தெரியும். கீழ்வீடு அப்பா கட்டியது, சுவர் ஒவ்வொன்றும் ஒரு முழத் தடிப்பு. மேல்மாடி நான் கட்டியது, நடுவில் கம்பி கட்டிப் போட்ட தட்டு. பைபர் இணைப்புக் கொடுக்க வந்த பொடியன் தனக்கு எது சுகமோ அந்த இடத்தில், ஹோல் மூலையில் ரீவிக்குப் பின்னால், பெட்டியை அடித்துவிட்டுப் போய்விட்டான். நானும் பிளேன்ரீ கொடுத்து அனுப்பிவைத்தேன். பிறகு பார்த்தால் ஹோலில் படம் பறக்கிறது, குசினியில் திக்கித் திக்கி வருகிறது, மேலே பின் அறையில் ஒன்றுமே இல்லை. மகளுக்கு அலுவலகக் கூட்டம் என்றால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் வந்து குந்துவாள். அவள் தலைக்கு மேலால் நாங்கள் ஏறி இறங்குவோம். ரொறன்ரோவில் இருக்கிற மகன் கூப்பிட்டால் என் மனைவி குசினியில் அடுப்பை அணைத்துவிட்டு ஹோலுக்கு ஓடி வர வேண்டும்.

ஒரு பகிடி சொல்கிறேன். நாங்கள் இருபதுகளில் இருந்தபோது ஜெர்மன்காரர், அவர்களின் டொய்ச்சே வெலே வானொலி, இங்கே மறுஒலிபரப்பு நிலையம் ஒன்று நடத்தினார்கள், ஞாபகமா? அந்தக் கம்பங்களைப் பார்க்க சைக்கிளில் போனோமே. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. நம் ஊரில் நின்ற கம்பங்களிலிருந்து எத்தனையோ நாடுகளுக்கு அலை போனது. என் வீட்டில் பத்தடி உயரத்துக்கு அலை ஏறவில்லை!

காரணம் இருக்கிறது. அந்தச் சிற்றலையின் நீளம் பத்து இருபது மீற்றர்க் கணக்கு. வானத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போகும். வலுவும் நூற்றுக்கணக்கான கிலோவாட். வைபை ரவுட்டர் விடுவதோ ஒரு வாட்டில் பத்தில் ஒன்று அளவுதான். அதன் அலை 2.4 கிகாஹேர்ட்ஸில் பன்னிரண்டரை சென்ரிமீற்றர், 5 கிகாஹேர்ட்ஸில் ஆறு. இந்தச் சின்ன அலைகள் பலகையைத் தாண்டும், செங்கலை ஓரளவு தாண்டும். கம்பி போட்ட கொங்கிறீட்டில் மாட்டிக்கொள்ளும். இரும்பில் பட்டால் திரும்பிவிடும், தண்ணீர் கண்டால் அதற்குள்ளேயே முடிந்துவிடும். 5 வேகமானது, சுவருக்குப் பயந்தது. 2.4 மெதுவானது, கொஞ்சம் தைரியசாலி. ஆனால் பக்கத்து வீட்டார் எல்லாரும் அதில்தான் நிற்பார்கள். மைக்ரோவேவ் அடுப்பும் அந்த இடத்தில்தான் இரையும்.

நானும் முதலில் உன்னைப் போலத்தான் ஒரு சாமானை வாங்கினால் தீரும் என்று நினைத்தேன். அலையை வாங்கித் திருப்பி விடுகிற ரிப்பீட்டர் ஒன்றை மலிவாக வாங்கி, இன்டர்நெட் இல்லாத பின் அறையிலேயே கொண்டுபோய்ச் சொருகினேன். போனில் நாலு கோடும் நிறைந்து நின்றன, படம் மட்டும் நகரவில்லை. அலை வராத இடத்தில் அதை வைத்தால் அதற்கும் அலை வராது, மச்சான். கேட்டால்தானே திருப்பிச் சொல்ல முடியும்? பிறகு பாதி வழியில், படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்தேன். கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் மலிவுச் சாமான் ஒரே அலையிலேயே கேட்டு அதே அலையிலேயே சொல்கிறது, அதனால் வேகம் பாதியாகிவிடும். அந்த நாலு கோடு ரிப்பீட்டருக்கும் போனுக்கும் இடையிலான நெருக்கத்தைக் காட்டுகிறதே தவிர, ரிப்பீட்டருக்கு வந்து சேர்வதைக் காட்டுவதில்லை.

அப்புறம் தங்கச்சியின் மகன் வந்தான். இந்தச் சோலிகளில் கெட்டிக்காரன். அலையின் வலுவை டிபிஎம் (dBm) என்ற கணக்கில் காட்டுகிற ஏதோ ஒரு அப்பைப் போனில் போட்டுக்கொண்டு அறை அறையாக நடந்தான், நான் பின்னால் கொப்பியில் எழுதிக்கொண்டு போனேன். ஹோலில் மைனஸ் 45, படிக்கட்டில் மைனஸ் 62, மேலே பின் அறையில் மைனஸ் 84. இந்தக் கணக்கில் பத்துக் குறைந்தால் வலு பத்தில் ஒரு பங்கு. 39 குறைந்தால் ஏறக்குறைய எட்டாயிரத்தில் ஒரு பங்கு! வீடியோவில் தடங்கலில்லாமல் கதைக்க மைனஸ் 67 அளவிலாவது இருக்க வேண்டும். இப்போது உன் கடைக்காரரின் பெட்டிக்கு வருவோம். வலுவை இரண்டு மடங்காக்கினாலும் இந்தக் கணக்கில் ஏறுவது மூன்றுதான். அதோடு, பெட்டி எவ்வளவு கத்தினாலும் உன் போன் திரும்பிக் கதைக்க வேண்டுமே? போனின் குரல் அதே சின்னக் குரல்தான்.

முதல் வேலையாக ரவுட்டரை மூலையிலிருந்து எடுத்தோம். அதற்கும் படிக்கட்டுக்கும் நடுவில் அம்மாவின் இரும்பு அலுமாரி, கண்ணாடிக் கதவோடு. கண்ணாடிக்குப் பின்பூச்சும் உலோகம்தான். ரவுட்டரை ஹோல் நடுச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே வைத்தோம். கொம்புகளில் ஒன்றை நிமிர்த்தியும் மற்றதைப் படுக்க வைத்தும் விட்டான். கொம்பு தன் பக்கவாட்டில்தான் அதிகம் விடுமாம், நுனிப் பக்கமாக மிகக் குறைவாம். எல்லாவற்றையும் வானத்தைப் பார்த்து நிறுத்தினால் மேல்மாடிக்கு மிச்சம் மீதிதான் போகும். 2.4இல் 1, 6, 11 என்ற மூன்று சனல்கள் (அலைவரிசைகள்) தான் ஒன்றோடொன்று முட்டாதவை. எங்களைச் சுற்றி எல்லாரும் 6இல் நின்றார்கள், நாங்கள் 11க்கு மாறினோம். ஒரு சதமும் செலவில்லை, பின் அறை மைனஸ் 84இலிருந்து 74க்கு வந்தது. குசினி முழுக்கச் சரியாகிவிட்டது. மனைவிக்கு அவனை அன்றைக்கே பிடித்துப்போய் இறால் பொரித்துக் கொடுத்தாள்.

மிச்சத்துக்கு வயர் இழுத்தோம். காற்றில் ஏறாததைச் செப்புக் கம்பியில் ஏற்றுவதுதான் இதற்குச் சரியான மருந்து, மற்றதெல்லாம் தைலம். பழைய இணைப்பின் ரவுட்டர் அலுமாரிக்குள் கிடந்தது. நீயும் எறிந்திருக்க மாட்டாய். கெட் 6 (Cat 6) என்ற நெட்வேர்க் வயர் இருபத்தைந்து மீற்றர் வாங்கி, படிக்கட்டு ஓரமாகக் கொண்டுபோய், பழைய ரவுட்டரை மேலே மாட்டினோம். ஆணி, கிளிப், கூலி எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் முடிந்தது.

நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. அவன் சாப்பிடப் போன நேரத்தில் பொறுமை இல்லாமல் நானே பழைய ரவுட்டரை வயரில் மாட்டிக் கரண்டைப் போட்டேன். அரை மணி நேரத்தில் வீடு முழுக்கச் சத்தம். ஒருவரின் போன் வேலை செய்கிறது, மற்றவருடையது இல்லை. இரண்டு பெட்டியும் ஆளுக்காள் போன்களுக்கு முகவரி கொடுக்கத் தொடங்கிவிட்டன, அதுவும் இரண்டும் 192.168.1.1 என்று ஒரே கதவிலக்கத்தோடு. ஒரே தெருவில் இரண்டு தபாற்காரர் ஒரே பையைத் தூக்கிக்கொண்டு திரிந்த மாதிரி. ஆகவே நீ செய்யும்போது பழைய பெட்டியை முதலில் தனியாக ஒரு கணினியோடு இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்று. டிஎச்சிபி (DHCP) என்று ஒன்று இருக்கும், முகவரி கொடுக்கிற வேலை அதனுடையது, அதை நிறுத்து. வைபைக்குக் கீழ்ப் பெட்டியின் பெயரையும் கடவுச்சொல்லையுமே கொடு, சனலை மட்டும் வேறாக்கு. வயரை லான் (LAN) என்று எழுதிய துளையில் குத்து, வான் (WAN) என்று எழுதிய துளையில் குத்தாதே. பழைய பெட்டி நூறு மெகாபிட்டுக்கு மேல் கொடுக்காது. மருமகளின் கூட்டத்துக்கு அதில் பத்திலொரு பங்கே தாராளம்.

இப்போது மேலே பின் அறையில் மைனஸ் 48. படிக்கட்டு படிக்கட்டாகவே இருக்கிறது. ஒரே ஒரு குறை, கீழே பிடித்த போன் மேலே வந்தாலும் கீழ்ப் பெட்டியை விட மனமில்லாமல் தொங்கிக்கொண்டு நிற்கும். கீழ்ப் பெட்டியின் வலுவைக் கொஞ்சம் குறைத்துவிட்டோம், முக்கால்வாசி சரியாகிவிட்டது.

வயர் வாங்கும்போது கவனம். மலிவு வயரில் அலுமினியத்துக்கு மேலே செம்பு பூசியிருப்பார்கள். கத்தியால் நுனியைச் சுரண்டிப் பார், உள்ளே வெள்ளையாக மினுங்கினால் வைத்துவிட்டு வா. நூறு மீற்றர் வரை வேகம் குறையாமல் போகும், உன் வீட்டுக்கு அது தாராளம். வெளிச்சுவரால் போவதென்றால் வெயில் தாங்குகிற கறுப்பு உறை வயர் வேண்டும், சாதாரண உறை வெடித்துவிடும். எங்களுக்கு உப்புக்காற்று வேறு, முனைகள் பச்சை பிடிக்கும். உனக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் ஐப்பசி இடி வவுனியாவிலும் விழும்தானே, வெளியே செப்பு வயர் ஓடினால் இடி தொடங்க முன்னமே கழற்றி வை.

மெஷ் என்று, தங்களுக்குள் காற்றிலேயே கதைத்து ஒரே வைபையாக நிற்கிற பெட்டிகளை இரண்டு மூன்றாகச் சேர்த்து விற்கிறார்கள். நல்ல சாமான்தான், முடிந்துபோன வீட்டில் வயர் இழுக்க வழியே இல்லாதவர்களுக்கு. தட்டுப் போடாத வீட்டுக்காரன் அதற்குக் காசு கொடுப்பது கிணறு இருக்கிற வீட்டில் போத்தல் தண்ணீர் வாங்குவது போல.

இனி உன் வேலை. தட்டுக்குக் கம்பி கட்டுகிற நாளிலேயே ஓர் அங்குலக் குழாய் இரண்டு வைக்கச் சொல். ஒன்று கீழே ஹோல் நடுச் சுவரிலிருந்து மேலே படிக்கட்டு முகப்புக் கூரை வரை, மற்றது மருமகளின் அறை மேசைக்குப் பக்கத்துக்கு. கரண்ட் வயரை அந்தக் குழாய்க்குள் விடக் கூடாது, அதற்கு வேறு குழாய். மூலையில் சட்டென்று முறிக்கிற வளைவு போடாமல் அகலமாக வளைக்கச் சொல், இல்லாவிட்டால் பிறகு வயர் போகாது. பிறகு வயரைக் கட்டி இழுக்க, உள்ளே நைலோன் கயிறு ஒன்றை விட்டு இரண்டு நுனியையும் கட்டிவை. குழாய்க்கு இரண்டு வயர் இழு, ஒன்று பழுதானால் சுவர் உடைக்கத் தேவையில்லை. மேல்முனையில் பிளக் பொயின்ட் ஒன்றும் வேண்டும். பைபர் கொடுக்க வருகிற பொடியனுக்கும் முன்னமே இடத்தைக் காட்டு, அவன் சுகத்துக்கு விடாதே. 2022இல் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் போன நாட்கள் இருந்தனவே, அப்போது வாங்கிய சின்னப் பன்னிரண்டு வோல்ட் யூபிஎஸ் ஒன்று இன்னும் என்னிடம் ஓடுகிறது. நீ வாங்கினால் கீழுக்கும் மேலுக்கும் இரண்டாக வாங்கு. ஒன்றுதான் இருக்கிறது என்றால் கீழ்ப் பெட்டிக்கு வை.

தட்டுப் போடுகிற நாளை எழுது. முதல் நாளே பஸ் ஏறி வந்துவிடுகிறேன், தங்கச்சியின் மகனையும் கூட்டிக்கொண்டு. நிலாவெளிக் கருவாடு கொண்டுவருகிறேன். உனக்குப் பிரஷர் என்று எழுதியிருந்தாய், அதை உன் மனைவியின் கையில்தான் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உன் பழைய மச்சான்

பிற்குறிப்பு: மேசன்மாரிடம் அந்த நைலோன் கயிறு எதற்கென்று சொல்லி வை. என் தங்கச்சி வீட்டில் ஒருவர் அதை வெட்டியெடுத்துத் தூக்குக்குண்டுக்குக் கட்டிவிட்டார். குழாய் இன்றைக்கும் வெறுங்குழாயாகக் கிடக்கிறது.