வேலி போடும் முன் வேலை அட்டவணையை ஏன் கேட்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

கட்டுமானத் தளத்தில் மண் அரிப்பைத் தடுக்க வேண்டும் என்று எங்களை அழைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடுதான் வருகிறார்கள். எத்தனை மீட்டர் துணி வேலி (ஓடிவரும் மண்ணை நிறுத்தக் கம்பங்களில் கட்டும் துணித் தடுப்பு) வேண்டும்? ஓரத்தில் ஒரு வண்டல் குழி (கலங்கல் நீரைத் தேக்கி மண்ணைப் படியவைக்கும் குழி) வெட்டினால் போதுமா? நாங்களோ பதில் சொல்லாமல் லெவல் வரைபடம் (நிலத்தின் மேடு பள்ளங்களைக் காட்டுவது), மண் பரிசோதனை அறிக்கை, வேலை அட்டவணை என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறோம். வேலி போட வருகிறவருக்கு அட்டவணை எதற்கு என்று சிலர் நேராகவே கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று நினைத்தோம்.

வெறும் மண்ணில் மழை விழும்போது என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். பெரிய மழைத்துளி ஒன்று நொடிக்கு சுமார் 9 மீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. அந்த அடியில் மண்கட்டி உடைந்து துகள்கள் அரை மீட்டர் உயரத்துக்கும், ஒன்றரை மீட்டர் தூரத்துக்கும்கூடத் தெறிக்கும். உடைந்த நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துவிடுவதால், முதலில் நன்றாக உறிஞ்சிக்கொண்டிருந்த தரைகூடக் கொஞ்ச நேரத்தில் தண்ணீரை உள்ளே விடாது. அப்புறம் அது மேலோடே ஓடத் தொடங்குகிறது. முதலில் மெல்லிய படலமாக, பிறகு விரல் அகல ஓடைகளாக, கவனிக்காமல் விட்டால் ஆள் இறங்கும் பள்ளமாக. ஆகவே அரிப்பு ஓடையில் ஆரம்பிப்பதில்லை, துளி விழும் இடத்தில் ஆரம்பிக்கிறது. புல்லோ வைக்கோலோ மூடியிருந்தால் முதல் கட்டமே நடக்காது.

காட்டையும் கட்டுமானத் தளத்தையும் பிரிப்பது இந்த மூடல்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணிப்புப்படி, கட்டுமானத் தளத்திலிருந்து வெளியேறும் வண்டல் விளைநிலத்தைவிட 10 முதல் 20 மடங்கும், காட்டைவிட 1,000 முதல் 2,000 மடங்கும் அதிகம். அதே மழை, அதே சரிவு. மேலே இருந்த போர்வை மட்டும் இல்லை.

இப்போது அந்த வண்டல் குழிக்கு வருவோம். இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு போட வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தளத்தில் ஒரு ஹெக்டேர் திறந்து கிடக்கிறது, மணிக்கு 50 மில்லிமீட்டர் வீதம் மழை கொட்டுகிறது, அதில் பாதி மேலோடு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஏறக்குறைய 70 லிட்டர் கலங்கல் நீர் குழிக்கு வரும். அந்த நீர் குழியின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறுவதற்குள் துகள் அடியில் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் அது நீரோடு வெளியே போய்விடும்.

0.05 மில்லிமீட்டர் பருமனுள்ள துகள், அதாவது வண்டலில் பருத்தது, ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏழெட்டு நிமிடம் எடுக்கும். 0.02 மில்லிமீட்டர் துகளுக்கு முக்கால் மணி நேரம். 0.002 மில்லிமீட்டர் களிமண் துகளுக்கு அசையாத நீரிலேயே மூன்று நாளுக்கு மேல் ஆகும். குழிக்கு வரும் நீரின் அளவைத் துகள் இறங்கும் வேகத்தால் வகுத்து, நீர் சுழல்வதற்காக 20 சதவீதம் கூட்டினால் குழிக்கு வேண்டிய மேற்பரப்பு கிடைக்கும்: முதல் துகளைப் பிடிக்க 40 சதுர மீட்டருக்குள் போதும். இரண்டாவதற்கு சுமார் 230 சதுர மீட்டர் வேண்டும். களிமண் துகளுக்கு 23,000 சதுர மீட்டர், அதாவது 2 ஹெக்டேருக்கும் மேலே. ஒரு ஹெக்டேர் தளத்தின் கலங்கலைப் பிடிக்க அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பெரிய குளம்! யாரும் வெட்டப்போவதில்லை, வெட்ட இடமும் இருக்காது.

எங்கள் முழு அணுகுமுறையும் இந்த ஒரு கணக்கிலிருந்து வருவதுதான். மணலையும் பருத்த வண்டலையும் தளத்தின் ஓரத்தில் பிடிக்கலாம். களிமண்ணையும் மிக நுண்ணிய வண்டலையும் கிளம்பிய பிறகு பிடிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். அவற்றை இருந்த இடத்திலேயே இருக்கச் செய்ய வேண்டும். அதற்கு எந்த நாளில் எந்தப் பகுதி திறந்து கிடக்கும் என்று தெரிந்தாக வேண்டும். அது வேலை அட்டவணையில்தான் இருக்கிறது.

குழியை ஆழமாக வெட்டினால் அதிகம் பிடிக்காதா என்று கேட்பீர்கள். பிடிக்காது. ஆழம் கூடினால் நீர் தங்கும் நேரம் கூடும், சரிதான். ஆனால் துகள் இறங்க வேண்டிய தூரமும் அதே அளவுக்குக் கூடும், இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஆழம் வேறு காரணத்துக்காக வேண்டும்: படிந்த வண்டலுக்கு இடம் வேண்டும், அடுத்த மழையில் அது மறுபடி கிளம்பக் கூடாது. மற்றபடி வேலை செய்வது பரப்புதான். குழி நீளவாக்கில் இருக்க வேண்டும், நீளம் அகலத்தைப்போல் இரண்டு மடங்காவது. நீர் நுழையும் இடமும் வெளியேறும் இடமும் எதிரெதிர் முனைகளில் இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் வைத்த குழிகளை நிறையப் பார்க்கிறோம். அங்கே நீர் ஓரமாக வந்து ஓரமாகவே போய்விடும், மீதிக் குழி சும்மா கிடக்கும். வெளியேற்றும் குழாயை அடியில் வைக்காமல், மிதவையில் கட்டி மேல்மட்டத்துத் தெளிந்த நீரை எடுக்கும்படி செய்தால் அதே குழி இன்னும் நன்றாக வேலை செய்யும். பெருமழைக்குத் தனியாகக் கல் பதித்த வழிவாய் ஒன்றும் வேண்டும். அது இல்லாத குழியின் கரை உடைந்தால், பிடித்து வைத்த மண் மொத்தமும் ஒரே வீச்சில் வெளியே போகும்.

படிகாரம், ஜிப்சம் போன்றவற்றைப் போட்டுக் களிமண்ணைத் திரளவைக்கலாமே என்றும் கேட்கிறார்கள். முடியும், சில தளங்களில் செய்தும் ஆக வேண்டும். ஆனால் எவ்வளவு போடுவது என்பதை அந்தத் தளத்து நீரையே ஜாடியில் எடுத்துச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். படிகாரம் அளவு மீறினால் நீரின் அமிலத்தன்மை கூடி, கரைந்த அலுமினியம் மீன்களைப் பாதிக்கும். இதைக் கடைசி ஆயுதமாகத்தான் வைத்திருக்கிறோம்.

சரி, மண்ணை இருந்த இடத்தில் வைப்பது எப்படி? 1965-இல் அமெரிக்க வேளாண்மைத் துறை விளைநிலங்களுக்காக வெளியிட்ட மண் இழப்புச் சமன்பாடு இதற்கு இன்றும் உதவுகிறது. மழையின் அரிக்கும் ஆற்றல், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், மேற்பரப்பின் மூடல், தடுப்பு நடைமுறை ஆகியவற்றைப் பெருக்கினால் எவ்வளவு மண் போகும் என்று ஒரு மதிப்பீடு கிடைக்கும். முதல் இரண்டையும் நாம் மாற்ற முடியாது, மற்றவை நம் கையில்தான் இருக்கின்றன. கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக இருப்பதால், ஒன்றைப் பத்தில் ஒரு பங்காக்கினால் மொத்தமும் பத்தில் ஒரு பங்காகும். அப்படிக் குறைக்க மிக எளிதானது மூடல். ஹெக்டேருக்கு 4 அல்லது 5 டன் வைக்கோலைப் பரப்பி, காற்றில் பறக்காமல் அழுத்திவிடுவது பெரிய தொழில்நுட்பம் இல்லை. ஆனால் நாங்கள் செய்யும் எல்லா வேலைகளிலும் இதைப்போல் பலன் தருவது வேறில்லை. செங்குத்தான சரிவில் வைக்கோல் நிற்காது, அங்கே தேங்காய் நார் விரிப்பு அல்லது சணல் விரிப்பு. விரிப்பு மண்ணோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். கீழே இடைவெளி இருந்தால் தண்ணீர் விரிப்புக்கு அடியில் ஓடி, மேலிருந்து பார்க்கும்போது ஒன்றும் தெரியாமலே அரித்துவிடும்.

சரிவின் நீளத்தைப் பலர் கவனிப்பதில்லை. 5 சதவீதத்துக்கு மேற்பட்ட சரிவில் நீளம் இரண்டு மடங்கானால், அந்தச் சமன்பாட்டின்படி போகும் மொத்த மண் சுமார் 2.8 மடங்காகிறது. ஆகவே நீண்ட சரிவை நடுவில் வெட்டி, குறுக்கே ஒரு சிறு வாய்க்கால் விட்டு நீரைப் பக்கவாட்டில் கொண்டுபோனாலே பாதிச் சண்டை முடிந்தது. புல்டோசரைச் சரிவில் மேலும் கீழுமாக ஓட்டச் சொல்லுங்கள். அப்போது அதன் சங்கிலிப் பட்டைகள் பதிக்கும் தடங்கள் சரிவுக்குக் குறுக்காக விழுந்து, ஒவ்வொன்றும் ஒரு குட்டி வரப்பாக நிற்கும். குறுக்காக ஓட்டினால் தடங்கள் மேலிருந்து கீழாக விழும். அது நீருக்கு நாமே வழி வெட்டிக் கொடுத்தது மாதிரி. ஓட்டுநர்களுக்கு வழவழப்பாக முடித்த சரிவுதான் அழகு. எங்களுக்குச் சொரசொரப்பானதுதான்.

இனி வேலையின் வரிசை. நிலம் முழுவதையும் ஒரே மூச்சில் சுத்தம் செய்துவிடுவது பொக்லைன் வாடகைக்கு லாபம்போல் தெரியும். ஆனால் ஆறு மாதம் கழித்துத்தான் கை வைக்கப்போகும் மூலையும் அந்த ஆறு மாதமும் மழையில் நனைந்துகொண்டே இருக்கும். நாங்கள் சொல்லும் வரிசை இது. முதலில் வாகன நுழைவிடம், வண்டல் குழி, கீழ்ப்புறத் தடுப்பு ஆகியவற்றுக்கு வேண்டிய இடத்தை மட்டும் திறந்து அவற்றை முடிக்க வேண்டும். பிறகு மேட்டுப்பக்கத்திலிருந்து வரும் சுத்தமான நீரை வரப்பும் வாய்க்காலும் போட்டுத் தளத்தைச் சுற்றி வெளியே அனுப்ப வேண்டும். உங்கள் மண்ணைத் தொடாத நீரைச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை, குழியும் சிறிதாகும். அதற்குப் பின்தான் மற்ற பகுதிகளைப் பங்கு பங்காகத் திறக்க வேண்டும். மேல்மண்ணைத் தனியாக எடுத்துக் குவித்து மூடி வையுங்கள், கடைசியில் புல் வளர்க்க அதைவிட நல்லது கிடைக்காது. 14 நாளுக்கு யாரும் தொடப்போவதில்லை என்று தெரிந்த எந்தப் பகுதியையும் உடனே மூடச் சொல்வோம். வேலை முடிந்தபின்கூடப் புல் ஏறக்குறைய 70 சதவீதம் தரையை மூடும் வரை தடுப்புகளைக் கழற்ற விடமாட்டோம்.

தடுப்புகள் எங்கே வரும் என்பதை ஒரே வரைபடமாகத் தராமல், வேலையின் கட்டத்துக்கு ஒன்றாக மூன்றாகத் தருவதற்கும் காரணம் உண்டு. வெட்டும் நிரப்பலும் நடக்கும்போது தளத்தின் மட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் வடக்கே வடிந்த நீர் நடுக்கட்டத்தில் தெற்கே திரும்பலாம். முதல் வரைபடத்தில் சரியாக இருந்த வேலி அப்போது மேட்டில் சும்மா நிற்கும், மண் வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கும். மழைநீர் வடிகால் குழாய் பதித்த நாள் இன்னொரு திருப்பம். அதன் வாயைக் காக்காவிட்டால் அன்றிலிருந்து கலங்கல் நேராக ஆற்றுக்குத்தான்.

துணி வேலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம், அதைத்தானே முதலில் கேட்டீர்கள். அது வடிகட்டி இல்லை. துளைகள் சீக்கிரமே அடைபட்டுவிடும். நீரைப் பின்னால் தேக்கி வண்டலைப் படியவைப்பதுதான் அதன் வேலை. அதனால் சரிவின் சம உயரக் கோட்டை ஒட்டி, இரு முனைகளையும் மேட்டுப்பக்கம் வளைத்துப் போட வேண்டும். துணியின் அடிப்பகுதி 15 சென்டிமீட்டராவது மண்ணில் புதைந்து, மேலே மண் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். கம்பங்கள் கீழ்ப்புறம் இருக்க வேண்டும். 30 மீட்டர் வேலிக்கு 0.1 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பின் நீர் வரக் கூடாது. ஓடும் வாய்க்காலுக்குக் குறுக்கே துணி வேலி போடவே கூடாது. வாய்க்காலில் கல் தடுப்புதான் நிற்கும். அதற்கும் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். கீழ்த் தடுப்பின் உச்சியும் மேல் தடுப்பின் அடியும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். 4 சதவீதச் சரிவில் 60 சென்டிமீட்டர் உயரத் தடுப்பு என்றால் 15 மீட்டருக்கு ஒன்று.

வாகன நுழைவிடத்துக்கு ஜியோடெக்ஸ்டைல் துணி (மண்ணில் விரிக்கும் உறுதியான செயற்கை இழைத் துணி) விரித்து, மேலே 15 சென்டிமீட்டர் கனத்துக்குப் பெருஜல்லி, 15 மீட்டர் நீளத்துக்காவது. கான்கிரீட் லாரி கழுவும் நீர் வண்டல் குழிக்குப் போகவே கூடாது. அதன் pH (அமில-கார அளவு, 7 என்றால் நடுநிலை) 12 அளவில், அதாவது கடும் காரமாக இருக்கும், அதற்குத் தனியாக விரிப்புப் போட்ட குழி வேண்டும்.

போட்ட பிறகு பார்க்க ஆள் வேண்டும். வாரம் ஒருமுறையும், ஒவ்வொரு நல்ல மழைக்குப் பிறகும் யாராவது ஒருவர் சுற்றி வர வேண்டும். வேலியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மண் சேர்ந்தால் வாரிவிடுங்கள். யார் பார்ப்பது என்று ஒரு பெயரை வரைபடத்திலேயே எழுதச் சொல்கிறோம். "எல்லோரும் பார்ப்போம்" என்ற தளங்களில் யாரும் பார்ப்பதில்லை.

அடுத்த முறை அழைக்கும்போது லெவல் வரைபடத்தையும் மாதவாரியான வேலை அட்டவணையையும் கையில் வைத்திருங்கள். மேட்டுப்பக்கத்து நிலத்தின் நீர் எந்த வழியாக வருகிறது என்பதைக் கைப்பட வரைந்து காட்டினால்கூடப் போதும். மண் பரிசோதனைக்குப் புதிதாகச் செலவு செய்ய வேண்டாம். அடித்தளத்துக்காக எடுத்த அறிக்கையில் துகள் அளவு பகுப்பாய்வு பெரும்பாலும் இருக்கும். குழி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், அல்லது குழியால் பயனே இல்லையா என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் மண் அரிப்புத் தடுப்புப் பணிக் குழுவினர்