பின்பக்கம் வெள்ளையாக இருந்த தாள்களுக்கு நன்றி

எங்கள் மையத்துக்குக் கை கொடுத்த அண்ணன்மார், அக்காமார், தாத்தா, ஆயாம்மா, பிள்ளைகளின் அம்மா அப்பா எல்லோருக்கும் வணக்கம்.

சிவகாசியை ஒட்டிய ஒரு கிராமத்து அங்கன்வாடியில் டீச்சராக இருக்கிறேன். 22 பிள்ளைகள் வருகிறார்கள். பெற்றோரில் பாதிப்பேர் அச்சகத்துக்கும் பைண்டிங்குக்கும் போகிறவர்கள். மற்றவர்களுக்குத் தீப்பெட்டி, பட்டாசு வேலை. இந்த வருடம் பிள்ளைகள் வரைந்தது, பிசைந்தது, ஒட்டியது எல்லாமே நீங்கள் கொடுத்த பொருளில்தான். ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லிவிட்டேன். ஆனாலும் ஊரறியச் சொல்லாமல் மனசு ஆறவில்லை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த பிறகு பல வருடங்கள் நான்தான் மாம்பழம் வரைந்து கொடுப்பேன். பிள்ளைகள் அதற்குள் மஞ்சள் பூசுவார்கள். கோட்டைத் தாண்டினால் கையைப் பிடித்துத் திருத்துவேன். 22 மாம்பழமும் ஒரே அச்சாகச் சுவரில் தொங்கும், வருகிறவர்கள் பாராட்டுவார்கள். அவை என் மாம்பழங்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

உறைக்க வைத்தவர் நம்ம ஊர் டிராயிங் மாஸ்டர் ஐயா. ஓய்வுபெற்றவர். பேத்தியைக் கூட்டிப்போக வந்தபோது சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, கோடு உங்களுது. பிள்ளைக்கு என்ன மிச்சம்? ஒரு மாசம் நீங்க வரையாம இருந்து பாருங்க" என்றார். சுருக்கென்றது. ஆனாலும் இருந்து பார்த்தேன். அன்றிலிருந்து வியாழக்கிழமைதோறும் வந்து பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். ஒரு நாளும் ஒரு கோடு போட்டுக் காட்டவில்லை. எனக்குத்தான் பாடம் நடந்தது. இரண்டு வயதுப் பிள்ளை தோளிலிருந்து கையை வீசிக் கிறுக்கும். போகப்போக அசைவு முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இறங்கும். மூன்று வயதை ஒட்டி வட்டம் மூடும். பிறகு அந்த வட்டமே முகமாகி, முகத்திலிருந்தே இரண்டு கால் நீளும். உடம்பு இருக்காது. "வயிறு எங்கேன்னு கேக்காதீங்க, அது வர்றப்ப வரும்" என்பார். 'இது என்ன?' என்று கேட்காமல், 'இதைப் பத்திச் சொல்லு' என்று கேட்கப் பழக்கியவரும் அவர்தான். ஐயா, இத்தனை வருடத்தில் நான் பெற்ற பயிற்சிகளில் உங்கள் வியாழக்கிழமைகளுக்கு இணையாக எதுவும் இல்லை.

வரையவிட்டால் தாள் வேண்டுமே! 22 பிள்ளைகளுக்கு நாளைக்கு ஆளுக்கு ஒரு தாள் என்றாலும் மாதத்துக்கு 500 பக்கம் போகும். அச்சகத்து அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, மிஷின் ஓட ஆரம்பிக்கும்போது கலர் சரிபார்க்க விடுகிற காலண்டர் தாள்களை ஒதுக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் முருகனும் லட்சுமியும் கொஞ்சம் கலர் விலகி இருப்பார்கள், மறுபக்கம் வெள்ளை. முதல் கட்டு வழவழப்பான ஆர்ட் பேப்பர், கிரேயான் வழுக்கியது. ஒரு வார்த்தைதான் சொன்னேன். அடுத்த முறை வழவழப்பில்லாத மேப்லித்தோ தாளாகப் பொறுக்கி, மை காய்வதற்கு ஒரு வாரம் வைத்திருந்து, கட்டிங் மிஷினில் பிள்ளைகளின் மடி அளவுக்கு வெட்டி அனுப்பினார். பழைய பேப்பருக்குப் போட்டால் அதற்கும் காசு வரும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வெள்ளைப் பக்கத்தில்தான் ஒரு நாள் நான்கு வயதுப் பிள்ளை ஒரு கை வரைந்தாள். எண்ணினேன், 14 விரல். பழைய நானாக இருந்தால் 'கையில எத்தனை விரல்? எண்ணு பார்ப்போம்' என்றிருப்பேன். "இதைப் பத்திச் சொல்லு" என்றேன். "எங்கம்மா கை. அம்மா வேகமா வேகமா எண்ணுவாங்க" என்றாள். அம்மா பைண்டிங்கில் தாள் எண்ணுகிறவர். சாயங்காலம் அவரிடம் காட்டினேன். படத்தைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இதை நான் வீட்டுக்குக் கொண்டு போகலாமா டீச்சர்?" அதுவரை அவர் மகளின் கவுனில் கறை என்று மட்டுமே என்னிடம் பேசியவர்.

கறையைப் பற்றிய கவலை நியாயமானது. துவைக்கிறவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும். டைலர் அக்கா அதற்கு வழி செய்தார். அப்பாமாரின் பழைய சட்டைகளை வாங்கி, கையைப் பாதியாக வெட்டி மடித்துத் தைத்துக் கொடுத்தார். முன்பக்கம் பின்பக்கமாக மாட்டி, முதுகில் ஒரு பட்டன் போட்டால் போதும். அப்பா சட்டை என்பதால் கழற்ற மாட்டோம் என்று அடம் பிடிக்கும் பிள்ளைகளும் உண்டு.

பானை செய்கிற தாத்தா கண்மாய் மண்ணைச் சலித்து, ஒரு கல் இல்லாமல் மிதித்துப் பதமாக்கி, ஈரத்துணி சுற்றிக் கொண்டுவருவார். கிரேயானைத் தொடவே தயங்கிய ஒரு பையன் மண்ணில்தான் முதன்முதலாக ஏதாவது செய்தான். 40 உருண்டைகள், எல்லாம் லட்டாம். தாத்தா ஒன்றை வாங்கி வாயருகே கொண்டுபோய் மென்றதும் அவன் சிரித்த சிரிப்பு மறக்காது.

கிராம சுகாதார செவிலியர் அக்காவுக்கும் பெரிய நன்றி. "கிறுக்கவா அனுப்புறோம்? அ, ஆ எழுத வைங்க" என்று பெற்றோர் கூட்டத்தில் சிலர் கேட்டபோது எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை. அக்கா எழுந்து தன் மணிக்கட்டைக் காட்டினார்: இங்கே எட்டுச் சின்ன எலும்புகள், பிறக்கும்போது எல்லாம் குருத்து, ஒவ்வொன்றாகத்தான் எலும்பாகும், கடைசியானது உருவாகப் பத்து வயதுகூட ஆகலாம். பிசைவதும் கிழிப்பதும் கிறுக்குவதும் பிள்ளை பென்சில் பிடிக்கத் தன் கையைத் தயார் செய்கிற வேலைதான் என்று புரிய வைத்தார். அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. இத்தனை காலத்துக்குப் பிறகும் பலருக்கு நாங்கள் சத்துமாவும் முட்டையும் தருகிற இடம் மட்டுமே. அன்று அந்த எண்ணம் சில வீடுகளிலாவது மாறியது.

சுவரில் தரையிலிருந்தே மூன்றடிக்குக் கரும்பலகை பூசிக்கொடுத்துக் கூலி வாங்க மறுத்த கொத்தனார் அண்ணனுக்கும், செம்பருத்தியும் தேக்கிலையும் பறித்துவரும் பெரிய பிள்ளைகளுக்கும் நன்றி. தேக்கங்கொழுந்தைக் கசக்கினால் கை சிவக்கிற வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்கள்தான். மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவப்பாகிற ஆரத்தித் தண்ணியைப் பார்த்துப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

கடைசியாக எங்கள் ஆயாம்மா. சமைத்து, ஊட்டி, பெருக்கி முடித்த பிறகு 44 கையையும் கழுவிவிடுகிறவர். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து, நொறுக்கி, டப்பாவில் சேர்த்து வைப்பார். அதை ஒட்டித்தான் பிள்ளைகள் நட்சத்திரம் செய்தார்கள். நான் கேட்காமலே அவர் தொடங்கியது அது.

வரும் சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குப் படங்களை எல்லாம் கயிற்றில் கோத்துத் தொங்கவிடப் போகிறோம். வேலை முடிந்து அப்படியே வாருங்கள். பிள்ளைகள் உயரத்துக்குத்தான் கயிறு கட்டியிருக்கிறோம். பாய் விரித்து வைக்கிறேன், உட்கார்ந்து பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அங்கன்வாடி டீச்சர்