அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அபாயக் கழிவுகளைப் பெற்றுக்கொள்ள மையமும் நாளும் வண்டியும் கோரி மனு

அனுப்புநர்
செயலாளர்,
அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச்சங்கம்,
பள்ளிக்கரணை, சென்னை – 600 100.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

பொருள்: வீட்டு அபாயக் கழிவுகளை அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து தனியே சேகரிக்க ஏற்பாடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கரணையில் 160 வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பின் சார்பில் இந்த மனுவை அளிக்கிறோம். மக்கும் குப்பையை வளாகத்துக்குள்ளேயே உரமாக்குகிறோம். அட்டை, பாட்டில், பால் கவர் போன்றவற்றை ஒப்பந்த நிறுவனம் ஒன்று வந்து எடுத்துச் செல்கிறது. இந்த இரண்டிலும் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. நாங்கள் கேட்க வந்தது வேறு வகைக் குப்பையைப் பற்றி. இன்சுலின் ஊசி, ஃபியூஸ் போன ட்யூப்லைட், காலாவதியான மாத்திரை, தீர்ந்துபோன பேட்டரி, அடியில் மிச்சம் உறைந்த பெயிண்ட் டின், பூச்சி மருந்து டப்பா. இவற்றைத் தனியே எடுத்து வையுங்கள் என்று சொன்னால் எங்கள் வீடுகளில் எடுத்து வைத்துவிடுவார்கள். வைத்ததை யாரிடம், எந்த இடத்தில், எந்த நாளில் கொடுப்பது என்பதற்குத்தான் பதில் வேண்டும்.

சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொன்னபோதே, மூன்றாவதற்கு வீட்டு அபாயக் கழிவு என்று பெயர் கொடுத்து, பெயிண்ட் டின், பூச்சிக்கொல்லி டப்பா, சி.எஃப்.எல். பல்பு, ட்யூப்லைட், காலாவதி மருந்து, உடைந்த பாதரச வெப்பமானி, பேட்டரி, ஊசி, சிரிஞ்ச் என்று பட்டியலும் போட்டன. 20 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒன்று என்ற கணக்கில் உள்ளாட்சி அமைப்பு சேகரிப்பு மையம் அமைக்க வேண்டும், அது திறந்திருக்கும் நேரத்தையும் மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று அவற்றின் 15ஆவது விதி சொன்னது. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் குறைந்தது 22 மையங்கள் வருகின்றன. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளோ நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன: ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு, சிறப்புக் கவனம் தேவைப்படும் கழிவு. நாப்கினும் டயப்பரும் மூன்றாவதில் வரும். பெயிண்ட் டின், பல்பு, வெப்பமானி, மருந்து எல்லாம் நான்காவதில் வரும்.

எங்களைப் போன்ற பெரிய வளாகங்களுக்கு இங்கேதான் சிக்கல். நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வருவதால் எங்கள் குப்பைக்கு நாங்களே வழி செய்துகொள்ள வேண்டும். அது நியாயம், அதை ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் மக்கும் குப்பையை வைத்து உரம் போடலாம், அட்டையையும் பாட்டிலையும் விற்கலாம். ஊசிக்கும் ட்யூப்லைட்டுக்கும் சந்தையில் விலை இல்லை. அதனால் ஒப்பந்த நிறுவனங்களின் விலைப்பட்டியலில் அவை வருவதே இல்லை. தெருவில் வரும் மாநகராட்சி வண்டி தனி வீடுகளுக்கானது, வளாகத்துக்குள் வராது. ஆக, குடியிருப்பின் நான்காவது தொட்டி நிரம்பினால் அதை எடுக்க ஆள் இல்லை. நிரம்பிய தொட்டி கடைசியில் எங்கே கலக்கும் என்பது தங்களுக்குத் தெரியாதது அல்ல.

ஊசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் வயதானவர்கள் அதிகம். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். நாளைக்கு இரண்டு வேளை, ஒவ்வொரு முறையும் புது ஊசி என்று போட்டால் ஒருவருக்கு மட்டும் வருடத்துக்கு 700 ஊசிகளுக்கு மேல் சேரும். இப்போது வரும் பேனா ஊசி 4 மில்லிமீட்டர்தான். கேரி பேக்குக்குள் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே ட்ரிப்ஸ் ஏற்றுகிறார்கள், புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறார்கள். முன்பு ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொண்டிருந்த குப்பையில் ஒரு பங்கு இப்போது வீட்டுக் குப்பையாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அதற்குத் துளைபடாத வெள்ளைப் பெட்டி உண்டு, முறை உண்டு, எடுத்துச் செல்ல வண்டி உண்டு. வீட்டில் ஒன்றும் இல்லை.

சில மாதங்களுக்கு முன் எங்கள் வளாகத்தில் உலர் குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவரின் விரலில் இன்சுலின் ஊசி ஏறிவிட்டது. கையுறை போட்டிருந்தார். சாதாரண ரப்பர் கையுறை ஊசியைத் தடுக்காது. யார் வீட்டு ஊசி என்று தெரியாததால் மருத்துவமனையில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றையும் மனதில் வைத்துப் பரிசோதனை செய்தார்கள். சில மாதம் கழித்து மறுபடியும் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். நல்லவேளையாக ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் அந்த முடிவு வரும்வரை அவர் தன் பேரக்குழந்தையைத் தூக்கவே பயந்தார் என்று சொன்னபோது எங்களில் யாராலும் பதில் பேச முடியவில்லை. நாள்கூலி வாங்கும் ஒருவர் எங்கள் வசதிக்காக இந்தப் பயத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

இதற்குப் பெரிய செலவில்லாத வழி ஒன்று இருப்பதாக நினைக்கிறோம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஊசிகளைத் துளைபடாத பெட்டியில் சேர்த்து, மருத்துவக் கழிவு சுத்திகரிப்பு மையத்துக்கு அனுப்பும் முறை ஏற்கெனவே இருக்கிறது. வீட்டு ஊசிகளையும் அங்கே பெற்றுக்கொள்ள ஆணையிட்டால் போதும். மூடி இறுகிய கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, மேலே சிவப்பு மையால் ஊசி என்று எழுதி, மாதம் ஒருமுறை நாங்களே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறோம். 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை நோய் மருந்தை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அவர்களே பயன்படுத்திய ஊசியை எப்படிச் சேர்ப்பது, எங்கே கொடுப்பது என்று இரண்டு வார்த்தை சொன்னால் எந்த நோட்டீசையும்விட அது நன்றாகப் போய்ச் சேரும்.

அடுத்தது ட்யூப்லைட். பல வீடுகளில் இப்போது எல்.இ.டி.க்கு மாறி வருகிறார்கள். பழைய ட்யூப்லைட்டும் சி.எஃப்.எல்.லும் கழற்றப்பட்டு லிஃப்ட் பக்கத்திலும் படிக்கட்டுக்குக் கீழேயும் சாய்ந்து கிடக்கின்றன. ஒரு சி.எஃப்.எல். பல்பில் இருப்பது சில மில்லிகிராம் பாதரசம்தான். ஒன்று உடைந்தால் ஜன்னலைத் திறந்துவைத்து, துடைப்பத்தால் பெருக்காமல் கெட்டி அட்டையால் அள்ளி மூடி வைத்தால் சமாளித்துவிடலாம். நூற்றுக்கணக்கில் ஒரே லாரியில் நொறுங்கும்போது கணக்கே வேறு. பாதரசத்தைப் பற்றித் தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொடைக்கானலில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் ஒட்டிய கண்ணாடி பழைய பொருள் கடை ஒன்றில் குவிந்து கிடந்தது 2001இல் வெளியே வந்தது, அந்தத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. மண்ணைச் சுத்தம் செய்வது பற்றிய பேச்சு அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் கடந்தும் ஓயவில்லை. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது. அந்த உடன்படிக்கையின்கீழ் ட்யூப்லைட், சி.எஃப்.எல். போன்ற ஃப்ளூரசன்ட் விளக்குகளின் உற்பத்தியை 2027க்குள் நிறுத்த நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதாவது வீடுகளில் மிச்சம் இருக்கும் ட்யூப்லைட் அனைத்தும் இந்தச் சில ஆண்டுகளில்தான் வெளியே வரப்போகின்றன. இப்போது ஏற்பாடு செய்தால் பெரும்பகுதியைப் பிடித்துவிடலாம். பிறகு செய்தால் எல்லாம் குப்பைமேட்டுக்குப் போயிருக்கும்.

காலாவதி மருந்துகளைச் சிலர் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள், குழந்தைகள் கையில் கிடைத்துவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில்தான். எங்கள் வளாகத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பாக்டீரியாவை நம்பி ஓடுகிறது. அதற்குள் ஆன்டிபயாடிக் போவது அதற்கும் நல்லதல்ல, அந்தத் தண்ணீர் கடைசியில் போய்ச் சேரும் ஏரிக்கும் சதுப்புநிலத்துக்கும் நல்லதல்ல. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் காலத்தில் இது சின்ன விஷயமும் இல்லை. கேரளத்தில் வீடுகளிலிருந்து பயன்படுத்தாத மருந்துகளைச் சேகரிக்கும் திட்டத்தை 2025இல் கோழிக்கோட்டில் தொடங்கினார்கள். அதை ஒருமுறை பார்த்துவரத் தங்கள் அலுவலர்களை அனுப்பலாம்.

பேட்டரி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மொபைல், பவர் பேங்க், குழந்தைகளின் பொம்மை எல்லாவற்றிலும் லித்தியம் பேட்டரி வந்துவிட்டது. நசுங்கினால் தீப்பிடிக்கும். பெருங்குடி குப்பைமேடு 2022 ஏப்ரலில் எரிந்தபோது சுற்று வட்டாரமே புகையில் இருந்தது. அந்தத் தீ எதனால் பிடித்தது என்பது இருக்கட்டும், அடுத்த தீக்குக் காரணம் எங்கள் வீட்டுப் பவர் பேங்காக இருந்துவிடக் கூடாது. அதே 2022இல் பள்ளிக்கரணை சதுப்புநிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பூநாரைகளைப் பார்க்கக் குழந்தைகளை அழைத்துப் போகிறோம். அந்த இடத்தை ஒட்டி வாழ்கிற எங்களுக்கு அதன்மேல் கூடுதல் பொறுப்பு இருப்பதாகவே நினைக்கிறோம். பேட்டரியையும் மின்னணுக் கழிவையும் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டு விதிகள் உற்பத்தியாளர்கள்மேல் வைத்திருக்கின்றன. அந்தப் பொறுப்பு எங்கள் தெருமுனைக் கடைவரை வந்து சேர மாநகராட்சியின் அழுத்தம் வேண்டும்.

இனி எங்கள் கோரிக்கைகள். பழைய சோபா, மெத்தை, துணி, மின்னணுப் பொருள்களைச் சனிக்கிழமைகளில் எடுத்துச் செல்லும் ஏற்பாட்டை மாநகராட்சி கொண்டுவந்தது எங்களுக்குப் பெரிய உதவி. அதே வழியில், மாதத்தில் ஒரு நாளை அபாயக் கழிவு நாளாக அறிவித்து, வளாகத்தின் வாசல்வரை ஒரு வண்டி வர வேண்டும் என்பதுதான் எங்களின் முதன்மையான வேண்டுகோள். எந்த வார்டுக்கு எந்த நாள் என்பதை நம்ம சென்னை செயலியிலும் 1913 உதவி எண்ணிலும் சொன்னால் போதும். ட்யூப்லைட் ஒரு பெட்டியில், பேட்டரி ஒரு பெட்டியில், பெயிண்ட் டின் ஒரு பக்கம் என்று வண்டிக்குள்ளும் பிரிவு இருக்க வேண்டும். இந்தூரில் வீட்டுக்கு வரும் குப்பை வண்டியிலேயே அபாயக் கழிவுக்கும் மின்னணுக் கழிவுக்கும் தனி அறைகள் வைத்திருக்கிறார்கள். தனியே கொடுத்த பொருள் எல்லோர் கண்ணெதிரிலும் மற்ற குப்பையோடு கலந்து கொட்டப்பட்டால், அடுத்த மாதம் ஒரு வீடுகூடப் பிரித்துக் கொடுக்காது. இதைச் சங்கத்தில் இருந்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறோம்.

வண்டி வராத நாள்களில் கொண்டுபோய்க் கொடுக்க நிரந்தர மையமும் வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் கொடுக்க முடிகிற மாதிரி ஞாயிறு காலையிலும் அது திறந்திருந்தால் நல்லது. எங்கள் பகுதிக்கான மையம் எது, நேரம் என்ன என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, ஒவ்வொரு குடியிருப்பின் அறிவிப்புப் பலகைக்கும் அனுப்பக் கோருகிறோம். அதில் எந்தப் பொருள் எந்தத் தொட்டி என்பதைப் படத்தோடு போட வேண்டும். வீட்டு வேலைக்கு வருபவர்கள்தான் பெரும்பாலும் குப்பையைக் கீழே கொண்டுவருகிறார்கள். படம் அவர்களுக்கும் உதவும்.

பெரிய வளாகங்களோடு ஒப்பந்தம் போடும் நிறுவனங்களுக்கு அனுமதி தரும்போதும் புதுப்பிக்கும்போதும், நான்காவது வகையையும் தனியே எடுக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்க வேண்டுகிறோம். அதற்கு நியாயமான கட்டணம் வைத்தால் கட்டத் தயாராக இருக்கிறோம். சேகரித்தது கும்மிடிப்பூண்டியில் உள்ளதுபோன்ற அபாயக் கழிவு மையத்துக்கோ அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கோ போய்ச் சேர்ந்ததற்கு ஒரு ரசீது கொடுத்தால் போதும். அப்புறம், பத்துப் பன்னிரண்டு வீடுகள் மட்டும் உள்ள சிறு அடுக்குமாடிகள் எங்கள் தெருவிலேயே நிறைய உண்டு. அவர்களுக்குச் சங்கமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. எந்த ஏற்பாடு செய்தாலும் அவர்களை விட்டுவிடாமல் செய்ய வேண்டும்.

கடைசியாக, குப்பையைக் கையால் தொடுகிற தூய்மைப் பணியாளர்களுக்கும், எங்களைப் போன்ற வளாகங்களில் ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களுக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் ஊசி துளைக்காத கையுறையும் கிடைக்க வழி செய்யுங்கள். எங்கள் வளாகத்தில் வேலை செய்பவர்களுக்கான செலவைச் சங்கமே ஏற்கும்.

எங்கள் பங்குக்கு, காவலர் அறைக்குப் பக்கத்தில் மழை படாத, பூட்டுப் போடக்கூடிய ஓர் அறையை இந்தக் கழிவுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். எந்த வீட்டிலிருந்து என்ன வந்தது என்று பதிவேடு வைக்கவும் தயார். இந்த ஏற்பாட்டை முதலில் ஒரு வார்டில் சோதித்துப் பார்க்க மாநகராட்சி விரும்பினால் எங்கள் குடியிருப்பை எடுத்துக்கொள்ளலாம். பக்கத்துச் சிறு அடுக்குமாடிகளின் கழிவையும் அந்த அறையில் வாங்கி வைக்கிறோம். எங்கள் மண்டல அலுவலர் ஒருவர் நேரில் வந்து அறையைப் பார்வையிட்டு, எந்த மாதத்திலிருந்து தொடங்கலாம் என்று தெரிவிக்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்,
சங்க உறுப்பினர்கள் சார்பாக.

இடம்: பள்ளிக்கரணை

இணைப்பு: குடியிருப்போர் கையொப்பங்கள்
நகல்: உறுப்பினர் செயலர், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கிண்டி, சென்னை.